பிளர்ட் என்றால் தண்ணீர் விசிறுவது

பிளர்ட் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டபோது முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மரவள்ளி மாவு பிழிந்துகொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் தோட்டம் சுங்கைப் பட்டாணியிலிருந்து பாலிங் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, மூடா ஆற்றங்கரையில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பர் பால் கேட்டு யாரும் வரவில்லை. பால் வெட்டிய கைகள் எல்லாம் மரவள்ளி நட்டன. ஆண்கள் கிழங்கு பிடுங்கிச் சுமந்து வருவார்கள். பெண்கள் அதைத் துருவி, ஆற்றில் அலசி, துணியில் கட்டிப் பிழிந்து, மாவைப் பாயில் காயவைப்போம்.

என் அப்பாவை அதற்கு முன்பே சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரயில் பாதை போடுகிற வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்கள். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும்.

கிழங்கு சுமந்தவர்களில் ஒருவர் தோட்டத்துக்குப் புதிது. சுங்கைப் பட்டாணியில் இங்கிலீஷ் புத்தகம் விற்ற ஒரு கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடியதும் டவுனில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல், தூரத்து உறவுக்காரர் ஒருவரைத் தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். கல்யாணமாகாத ஆண்கள் தங்கும் கடைசி லயத்தில் இடம் கொடுத்தார்கள். சாப்பாடு உறவுக்காரர் வீட்டில். மூட்டை தூக்கிப் பழக்கமில்லாத உடம்பு. துண்டை மடித்துப் போட்டும் தோளில் தோல் உரிந்திருக்கும். ஆனால் மூட்டையை ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு உடனே போகமாட்டார்.

"என்னங்க, கிழங்கு எப்படி இருக்கு? நல்லாத் தூக்கியாந்திருக்கேனா?" என்பார்.

"கிழங்கு தூக்குறதுல நல்லது கெட்டது என்ன இருக்கு?"

"சில பேரு குலுக்கிக்கிட்டு வருவாங்க. நான் தூங்குற புள்ளயத் தூக்குற மாதிரி கொண்டாந்தேன்."

"அதான் இவ்வளவு நேரமா? மத்தவங்க அடுத்த நடைக்கே போயிட்டாங்க."

பக்கத்தில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவர் மறுபடி மூட்டை தூக்கப் போவார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதுவரை என்னை யாரும் 'நீங்க' என்று பேசியதில்லை. கங்காணிக்கு நான் 'ஏய்'. லயத்தில் 'ஏ புள்ள'. அம்மாவுக்கு அன்றைய கோபத்தைப் பொறுத்து 'கண்ணு' அல்லது 'சனியனே'. அவர் வாயிலிருந்து 'என்னங்க' என்று வந்தால் என் கை தானாக வேலையை மறந்து நின்றுவிடும்.

ஒரு நாள் அவர் கரையில் குனிந்து, "மூக்குல மாவு ஒட்டியிருக்குங்க. அழகாத்தான் இருக்கு, தொடச்சிராதீங்க" என்றார். நனைந்த கையை அவர் முகத்தைப் பார்த்துச் சட்டென்று உதறினேன். அவரும் குனிந்து ஒரு கை அள்ளி என் மேல் விசிறினார். அந்த நேரத்தில்தான் டிரஸ்ஸர் வீட்டு அக்கா கரை வழியாக வந்தார்.

டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அவர் மனைவி பினாங்கில் கான்வெண்டில் படித்தவர். மற்ற வேலைக்காரர்கள் 'அம்மா' என்று கூப்பிட்டாலும் என்னை மட்டும் 'அக்கான்னு சொல்லு' என்பார். எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஓகோ, ரெண்டு பேரும் பிளர்ட் பண்ணுறீங்களா?" என்றார். சொல்லிவிட்டு, கங்காணி காதில் இங்கிலீஷ் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். இங்கிலீஷ் பேசினால் வெள்ளைக்காரன் ஆள் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்த காலம் அது.

அக்கா போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். "அவங்க என்ன சொன்னாங்க? பிளர்ட்டுன்னா என்னங்க?"

அவர் முகத்திலிருந்த தண்ணீரை மெதுவாகத் துடைத்தார். துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதுவா... தண்ணிய இப்படி விசிறுனோம்ல, அதுக்கு இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுவாங்க."

நான் நம்பினேன். எனக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் இங்கிலீஷ் சொல் அது. பெருமையாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஈரத் துணியை உதறும்போது, "அம்மா, என் மேல பிளர்ட் பண்ணாத" என்றேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கோழியப் பாரு, மண்ண எல்லாம் பிளர்ட் பண்ணி வச்சிருக்கு" என்று வாசலைக் கூட்டுவாள்.

இதற்கிடையில் அவர் சாயங்காலங்களில் எங்கள் வீட்டுக்கு நெருப்புக் கேட்டு வரத் தொடங்கியிருந்தார். தீப்பெட்டி கண்ணில் காணக் கிடைக்காத நாட்கள். யார் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கிறதோ அங்கே போய்த் தணல் வாங்கிவருவது வழக்கம்தான். கையில் ஒரு கொட்டாங்கச்சியோடு வாசலில் நின்று, "அம்மா, கொஞ்சம் நெருப்பு" என்பார். நான் இடுக்கியில் ஒரு கங்கை எடுத்துப் போடுவேன். கங்கு விழுந்த பிறகும் அதை ஊதிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

"கையச் சுட்டுறப் போவுது."

"சுட்டா டிரஸ்ஸர் ஐயா இருக்காருல்ல."

"அவருகிட்ட மருந்து எங்க இருக்கு? வேப்பிலையக் குடுத்து அனுப்புவாரு."

"வேப்பிலைக்கும் உங்க வீட்டுக்குத்தான் வரணும். வாசல்லயே மரம்."

உள்ளே அம்மா கிழங்கைக் கிண்டுகிற சத்தம் நின்றுபோகும். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவர் போன பிறகு ஒன்றும் கேட்கமாட்டாள்.

அந்தச் சமயம் என் காலில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. சத்தில்லாத சாப்பாட்டில் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். அதனால் ஆற்றில் இறங்காமல், கரையில் உட்கார்ந்து துருவும் வேலை மட்டும் பார்த்தேன். ஆஸ்பத்திரித் திண்ணையில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, டிரஸ்ஸர் கட்டைப் பிரித்துப் பார்த்துக் கோபப்பட்டார்.

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேன்ல? எப்படி இவ்வளவு நனஞ்சுது?"

"நான் என்னங்கய்யா பண்றது? புத்தகக் கடைக்காரரு நேத்து ஆத்தங்கரையில என்னையப் பிளர்ட் பண்ணிட்டாரு. நானும் விடல, திருப்பி நல்லாப் பிளர்ட் பண்ணுனேன். ரெண்டு பேரும் முழுக்க நனஞ்சுட்டோம்."

டிரஸ்ஸர் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. என்னைப் பார்த்தார், வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஜப்பான்காரன் வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்னாலிருந்த வீட்டைப் பார்த்து, "ஏம்மா, இந்தப் புள்ளய உள்ள கூட்டிட்டுப் போயி என்னன்னு சொல்லு" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அக்கா என்னைச் சமையலறையில் உட்காரவைத்து, அரிசி இல்லாத அரிசிப் பானையைத் திறந்தார். உள்ளே பழைய பாவாடைத் துணியில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்று. இங்கிலீஷ் சொற்களுக்கெல்லாம் அர்த்தம் எழுதிய அகராதி. எரிக்க மனம் வராமல் ஒளித்துவைத்திருந்தார். பக்கத்தைத் தேடி எடுத்து, விரலை வைத்துக்கொண்டே எனக்குச் சொன்னார்.

"அவரு உங்கிட்டப் பொய் சொல்லல. முழுசாச் சொல்லல, அவ்வளவுதான். பழைய அர்த்தம் அதுதான் போட்டிருக்கு. ஒண்ண வெடுக்குன்னு உதறுறது, சுண்டி எறியிறது. நாம சடார்னு, வெடுக்குன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி சத்தத்துலருந்தே வந்த சொல்லாம். அப்புறம் ஒரு இடத்துல நிக்காம இங்கயும் அங்கயும் துள்ளுறது. பொண்ணுங்க விசிறிய வெடுக்குன்னு விரிச்சு மூடுறது."

"அவ்வளவுதானாக்கா?"

"எங்க கான்வெண்டுல பிரான்சு தேசத்து சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க. இது எங்க ஊரு வார்த்தை, எங்க பாஷையில பூவப் பத்தின சொல்லுலருந்து வந்தது, பூப் பூவாப் பேசுறதுன்னு அர்த்தம்னு சொல்லுவாங்க. இங்கிலீஷ் டீச்சரு அதெல்லாம் இல்லவே இல்லம்பாங்க. ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. எது நெசம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

எனக்குப் பூக் கதை பிடித்திருந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால் அக்காவின் விரல் இன்னும் கடைசி வரியில் இருந்தது.

"இப்ப என்ன அர்த்தத்துல சொல்றாங்கன்னா..." என்று கொஞ்சம் தயங்கினார். "ஆணும் பொண்ணும் ஆசையா இருக்குற மாதிரிப் பேசிச் சிரிச்சு விளையாடுறது. மனசுல பெருசா ஒண்ணும் வச்சுக்காம."

"ஒண்ணுமே வச்சுக்காமயா?"

"சும்மா. பொழுதுபோக்குக்கு."

லயத்தில் இதற்கு நாங்கள் சொல்வதெல்லாம் திட்டுகிற சொற்கள்தான். பல்லிளிக்கிறா, கொழையிறா, வழியிறான். அதில் ஒன்றை யாராவது என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்தச் சொல் திட்டவில்லை. சண்டை போடவும் வழியில்லை. 'சும்மா' என்பதை மட்டும் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் கொட்டாங்கச்சியோடு வந்தபோது நான் உள்ளேயே இருந்துகொண்டேன். அம்மா நெருப்பு எடுத்துக் கொடுத்தாள். மறுநாளும் அப்படியே. ஆற்றங்கரையில் அவர் பேச்சுக் கொடுத்தால் நான் துணியைப் பிழிவதில் கண்ணாக இருப்பேன். அவரும் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஆனால் நெருப்புக் கேட்டு வருவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அந்தத் தம்பிக்கு அடுப்பே கெடையாது, தெரியுமா உனக்கு?" என்றாள் அம்மா ஒரு நாள், கிழங்கு உரித்தபடி. "கடைசி லயத்துல ஒருத்தனும் அடுப்பு மூட்டுறதில்ல. இவரு நெருப்ப வாங்கிட்டுப் போயி என்ன பண்றாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாதுன்னா சரி" என்று சொல்லிவிட்டு அம்மா உரிப்பதைத் தொடர்ந்தாள்.

கொஞ்ச நாளில் மறுபடியும் சயாமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. ஒரு மத்தியானம் டிரஸ்ஸர் வீட்டு அக்கா மூச்சு வாங்க எங்கள் லயத்துக்கே வந்துவிட்டார். மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடும்போது லாரி வரப்போகிறது, கல்யாணமாகாதவர்களை முதலில் ஏற்றுவார்களாம் என்று டிரஸ்ஸர் காதில் விழுந்திருக்கிறது.

"உனக்கு அவரப் பிடிச்சிருக்கா, இல்லையா? வெக்கப்படாமச் சொல்லு. பிடிச்சிருந்தா இன்னைக்கே மாரியம்மன் கோயில்ல ஒரு மஞ்சக் கயிறு கட்டிரலாம். குடும்பஸ்தன்னு கங்காணிகிட்ட எங்க வீட்டுக்காரரு பேசுவாரு" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பா லாரியில் ஏறிய அன்று அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. "போயிச் சொல்லு, போ" என்றாள்.

கிழங்குக் காட்டில் அவர் தனியாக மண்வெட்டியோடு நின்றார். நான் ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கயிறு கட்டுவதையும் சொன்னேன்.

"வேணாங்க" என்றார்.

நான் ஓர் அடி பின்வாங்கினேன். "அப்ப அகராதியில இருக்குறதுதான் நெசம். சும்மா வெளையாட்டு."

"அத யாரு சொன்னா?"

"அக்கா காட்டுனாங்க. மனசுல ஒண்ணும் இல்லாமப் பேசிச் சிரிக்கிறதுன்னு போட்டிருக்கு."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். பொய் சொல்லல. மூட்டை கனமா இருந்துச்சு, உங்ககிட்டப் பேசுனா கனம் தெரியல. நெருப்பு வாங்குறதும் வெளையாட்டுதான். வாங்கிட்டுப் போயி எங்க லயத்து வாசல்ல கொட்டிருவேன். ஒரு நாளு கொட்ட மனசு வரல. தேங்கா மட்டையப் போட்டுப் போட்டு விடியிற வரைக்கும் அணையாம வச்சிருந்தேன். அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் வேணாங்குறீங்க?"

"லாரிக்குப் பயந்து கட்டுன கயிறுன்னு ஒரு நெனப்பு உங்க மனசுல எப்பவும் கெடக்கும். எனக்கும் கெடக்கும். அது வேணாம். நான் ஆத்தோட போயிடுறேன். கெழங்கு ஏத்துற மலாய்க்காரப் பெரியவரு பாக்சிக் இன்னைக்குப் படகு எடுக்குறாரு. கோத்தா கோலா மூடாவுல உப்புக் காய்ச்ச ஆளு தேடுறாங்களாம்." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "இருப்பீங்களா?"

"எங்க போறேன்? இங்கதான் இருப்பேன்" என்றேன். பொழுது சாய்வதற்குள் கிழங்கு மூட்டைகளோடு மூட்டையாகப் படகில் படுத்து அவர் போய்விட்டார்.

காலையில் லாரி வந்தது. கல்யாணம் ஆனவனா ஆகாதவனா என்று யாரும் கேட்கவில்லை. பெரட்டில் நின்றவர்களில் கைகால் நன்றாக இருந்தவர்களை எல்லாம் ஏற்றினார்கள். கைக்குழந்தையைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு ஏறியவர்களும் உண்டு. அக்கா கோயில் பக்கம் போய் உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. லாரி போன திசையைப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு படகு வரும்போதெல்லாம் பாக்சிக் ஒரு இலைப் பொட்டலத்தை என் கையில் தருவார். உள்ளே ஒரு பிடி உப்போ, கருவாட்டுத் துண்டோ இருக்கும். "ஓராங் அந்த ஆளு கிரிம்" என்று பாதித் தமிழும் பாதி மலாயுமாகச் சொல்வார். அந்த ஆள் கொடுத்தனுப்பினான் என்று அர்த்தம். அம்மா உப்பை நாக்கில் வைத்துப் பார்த்து, "கசப்பு இல்லாமக் காய்ச்சியிருக்காரு" என்பாள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் தானாகவே சொன்னாள். "உப்புத் தீந்து போச்சு. நாமளே போயி வாங்கியாந்துருவோம்."

வீட்டில் உப்பு இருந்தது. நான் படகில் ஏறினேன்.

கோத்தா கோலா மூடாவில் ஆறு கடலோடு சேருகிற இடத்தில், ஒரு தமிழ் முஸ்லிம் பாயின் மளிகைக் கடைக்குப் பின்னால் உப்புக் கொட்டகை இருந்தது. கடையில் விற்க ஒன்றுமில்லாததால் பாய் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும், "வா தங்கச்சி, மூடா ஆத்து மேலருந்துதானே வர்றீங்க?" என்றார். "இந்தப் பய உப்பப் பாக்குறதவிட ஆத்தப் பாக்குறதுதான் ஜாஸ்தி. படகு வந்தா அடுப்ப விட்டுட்டு ஓடிருவான்."

கொட்டகையிலிருந்து அவர் வெளியே வந்தார். கறுத்து, மெலிந்து, சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஏன் தம்பி, இங்க நெருப்பு இருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இருக்குங்கம்மா."

"அப்ப ஒல வையி. பேசிக்கிட்டே திங்கலாம்."

கல்யாணம் தை மாதம், பாயின் கடைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன முனீஸ்வரன் கோயிலில் நடந்தது. பாய் ஒளித்துவைத்திருந்த ஒரு துண்டு வெள்ளைத் துணியை வேட்டியாகக் கொடுத்தார். அக்கா தன் கல்யாணப் புடவையை எனக்குக் கட்டிவிட்டுக் காதருகே, "இனிமே பிளர்ட் பண்ண முடியாது, புருசனாயிட்டாரு" என்றார். அவர் காதில் அது விழுந்துவிட்டது. "யாரு சொன்னா? இனிமேத்தானே பயமில்லாமப் பண்ணலாம்" என்றார். பெரியவர்கள் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டு, அன்று முழுக்க என் அம்மா கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன பிறகு அவர் வேலை பார்த்த புத்தகக் கடையை மறுபடி திறந்தார்கள். சுங்கைப் பட்டாணியில் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் நாங்கள் மூவரும் குடியேறினோம். என் வயிற்றில் அப்போது மூத்தவள். சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அம்மா சோறும் கருவாடும் பொட்டலம் கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போகத் தொடங்கினாள். தனியாகப் போகவேண்டாம் என்று அவரும் கடையில் சொல்லிவிட்டு அம்மாவோடு போவார். ரயில் நின்றதும் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் அம்மா பார்ப்பாள். எலும்பும் தோலுமாக வருகிறவர்களில் யார் யார் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். அவர் முன்னால் ஓடி, "எந்தத் தோட்டம் அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே போவார். ஆளில்லை என்று ஆனதும் அம்மாவை மெதுவாக நடத்தி வீட்டுக்குக் கூட்டிவருவார். வழியெல்லாம் அவளிடம் ஏதாவது பேசிக்கொண்டே வருவார்.

ஒரு நாள் நானும் போயிருந்தேன். கம்பு ஊன்றி இறங்கிய ஒருவரிடம் அவர் எங்கள் தோட்டத்தின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னதும், அந்த ஆள் நின்றுவிட்டார். அப்பாவோடு ஒரே கொட்டகையில் இருந்தவராம். அம்மாவைப் பார்த்து, "அண்ணன் வாந்திபேதியில போயிட்டாருக்கா. நாங்கதான் மண்ணுல வச்சோம். தனியா விடல" என்றார்.

அம்மா ரயிலடி பெஞ்சில் அந்த ஆளை உட்காரவைத்து, பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தாள். "சாப்புடு தம்பி" என்றாள். அந்த ஆள் தயங்கினார். அம்மாவே சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்தாள். என் கணவர் எதிர்க் கடையில் காப்பி வாங்கிவந்தார். அந்த ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் மூவரும் பக்கத்தில் நின்றோம்.

அந்த ஆளின் வீடு பாலிங் பக்கம். தனியாகப் போகத் தெம்பில்லை. "நீ கூடப் போயி வீட்டுல விட்டுட்டு வாய்யா. அங்க அவனுக்காகப் பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள் அம்மா என் கணவரிடம். அவர் அந்த ஆளின் தோளைத் தாங்கிக்கொண்டு மாட்டு வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நடந்தார். வண்டி கிளம்புகிறவரை அம்மா என் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.